அ நாடும் ஆ நாடும்

நுழைவுத் தேர்வு முடிவு வந்த அன்று அந்த வீட்டில் சந்தோஷப்படுவதா சங்கடப்படுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. தலைநகரப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் முதுகலைப் படிப்புக்கு மகள் எழுதியிருந்தாள். கூடவே அம்மாவும் எழுதியிருந்தாள். அம்மாவின் பெயர் முதல் பட்டியலிலேயே வந்துவிட்டது. மகளின் பெயர் காத்திருப்போர் பட்டியலில், அதுவும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

அம்மா எழுதியதே ஒரு விளையாட்டுக்குத்தான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தொலைபேசி இணைப்பகத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்து வேலை பார்த்தவள் அவள். வரும் அழைப்புகளை வார்டுக்கும் டாக்டருக்கும் மாற்றிவிடும் வேலை. ஆஸ்பத்திரி அதையெல்லாம் கணினியிடம் கொடுத்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தாள். மகள் தேர்வுக்குப் படித்த மாதங்களில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டது அம்மாதான். கேட்டுக் கேட்டு அவளுக்கே பதில்கள் ஊறிப்போயின. "சும்மா உக்காந்திருக்கறதுக்கு நானும் ஒரு அப்ளிகேஷன் போட்டுப் பாக்கறேனே" என்றாள். மகள் சிரித்துக்கொண்டே தானே விண்ணப்பத்தை அனுப்பிக் கொடுத்தாள்.

கடைசி நேரத்தில் யாரோ சேராமல் போனதில் மகளுக்கும் இடம் கிடைத்தது. அப்பா குளிர்சாதனப் பெட்டிகள் பழுதுபார்ப்பவர். "ஆக, வெளியுறவு பூரா உங்க ரெண்டு பேர் கையில. உள்துறை என் தலையில. சரி, அரிசி எவ்வளவு போடணும்னாவது சொல்லிட்டுப் போங்க" என்றார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். மகளும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கே அவள் மனதில் ஒரு முள் ஏறிவிட்டது.

வகுப்பு தொடங்குவதற்கு முன்தினம் அவள் அம்மாவிடம் வந்து, துணி மடிப்பதுபோல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"அது நீ சொல்ற விஷயத்தைப் பொறுத்தது பாப்பா."

"காலேஜ்ல நாம அம்மா பொண்ணுன்னு யாருக்கும் தெரிய வேணாம். அம்மாகூடப் படிக்கிறான்னு சொன்னா எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க. யாரும் என்கூடச் சேர மாட்டாங்க."

அம்மா மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு, "சரி, நல்லதுதான். நீயும் நாலு பேரோட பழகணுமே. நான் உன்னை நீங்க நாங்கன்னே கூப்பிடறேன், போதுமா?" என்றாள். அதை ஒரு விளையாட்டுபோல எடுத்துக்கொண்டாள் என்றுதான் மகளுக்குத் தோன்றியது. அவளுக்கு அப்படித் தோன்றுவது வசதியாகவும் இருந்தது.

அம்மா கொடுத்த வாக்கை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினாள். முதல் பேருந்தில் மகள், அடுத்த பேருந்தில் அம்மா. வகுப்பில் மகள் கடைசி வரிசை, அம்மா முதல் வரிசை. ஒரு நாள் இருவரும் வீட்டருகே காய்கறி வாங்கும்போது வகுப்புத் தோழி ஒருத்தி பார்த்துவிட்டாள். சுருட்டை முடிக்காரி என்பதால் எல்லோரும் அவளைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா வந்தீங்க?" என்று அவள் கேட்டபோது மகள் காய்க்குவியல் பக்கம் குனிந்துகொண்டாள். "பக்கத்து வீடும்மா. கூடையைத் தூக்கிக் குடுக்கறேன்னு வந்தாங்க, தங்கமான பொண்ணு" என்று அம்மா சொல்லி, கூடையை மகள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

வகுப்பில் அம்மா பேசாமல் இருந்திருந்தால் ஒருவேளை எல்லாமே சுமுகமாகப் போயிருக்கும். ஆனால் அவளுக்குப் படிப்பு என்பது கேள்வி கேட்பது. பேராசிரியை ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அம்மாவின் முதுகு நிமிரும். பழைய பழக்கத்தில் இரண்டு விரல்கள் காதோரம் போகும். "மேடம், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கேள்வியைத் தொடங்குவாள். இரண்டாவது வாரத்துக்குள் வகுப்பு அவளுக்கு 'லைன் ஆன்ட்டி' என்று பெயர் வைத்துவிட்டது.

ஒரு நாள் பேராசிரியை கேட்டார்: "ரெண்டு நாட்டுக்கு நடுவுல தூதரகமே இல்ல, பேச்சே இல்ல. ஆனா அவசரமா ஒரு விஷயம் சொல்லியாகணும். என்ன பண்ணுவாங்க?"

அம்மாவின் விரல்கள் காதுக்குப் போயின. "எங்க ஆஸ்பத்திரில எலும்பு டாக்டருக்கும் மயக்க மருந்து டாக்டருக்கும் ஆகவே ஆகாது மேடம். எலும்பு டாக்டர் எனக்கு போன் பண்ணி, அந்தத் தூங்குமூஞ்சிய எட்டு மணிக்கு வரச் சொல்லுன்னுவார். நான் இவருக்கு போன் பண்ணி, டாக்டர் உங்களை எட்டு மணிக்கு வர முடியுமான்னு கேக்கறார்னு சொல்லுவேன்."

வகுப்பு சிரித்தது. பேராசிரியையும் சிரித்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அம்மா நிறுத்தவில்லை. அந்த எலும்பு டாக்டரின் மாமியார் கதை வந்தது, பிறகு ஒரு வார்டு ஆயாவின் கதை வந்தது. பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு நாள் ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு நாடுகளைக் குழப்பிக்கொண்டு, எவ்வளவு திருத்தியும் ஒப்புக்கொள்ளாமல் பாதி வகுப்பைத் தின்றுவிட்டாள். கடைசி வரிசையில் மகள் மேசைக்குள்ளேயே புகுந்துவிடுவதுபோல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா வாயைத் திறந்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மகளை அந்த வகுப்பில் அதுவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சுருட்டை எப்போதாவது பேசுவாள். வெயிலோ மழையோ கழற்றாத கோட்டோடு வரும் ஒருவன் இருந்தான், கோட்டு என்றே அவனுக்குப் பெயர். ஒரு நாள் தூதராகப் போவது உறுதி என்பதுபோல நடப்பான். அவன் உட்காரும் கேன்டீன் மேசையில்தான் வகுப்பின் சிரிப்பெல்லாம் இருக்கும். அந்த மேசையின் ஓரத்தில் இவள் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது திரும்பிப் பார்க்கமாட்டார்களா என்று காத்திருப்பாள்.

ஒரு மதியம் கோட்டு லைன் ஆன்ட்டி மாதிரி பேசிக் காட்டினான். குரலைக் கீச்சென்று ஆக்கி, "ஹலோ, ஹலோ" என்று கத்தினான். இரண்டு பேர் சிரித்தார்கள். மகளுக்கு எரிச்சல் வந்தது. அம்மாவைக் கேலி செய்கிறான் என்பதால் அல்ல. அம்மாவின் குரல் ஒருபோதும் கீச்சென்று இருந்ததில்லை.

"அப்படி இல்ல" என்றாள்.

"அப்ப எப்படி? நீ பண்ணு பாப்போம்."

அவள் முதுகை நிமிர்த்தினாள். இரண்டு விரல்களைக் காதோரம் வைத்தாள். கண்ணாடி இல்லாத மூக்கின்மேல் அம்மாவைப்போலவே கண்ணாடியை ஏற்றிவிடுவதாகப் பாவனை செய்து, கனிவும் அதிகாரமும் கலந்த அந்தக் குரலில், "மேடம், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்றாள்.

மேசை வெடித்தது. சுருட்டைக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்றார்கள். கோட்டு தன் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு நடுவில் இடம் கொடுத்தான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில், இனிமேல் செய்யக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் கேட்டார்கள், செய்தாள். அதற்கடுத்த நாள் கேட்காமலேயே செய்தாள். பழசு சலித்துவிடக்கூடாது என்று வீட்டிலிருந்து புதுசு புதுசாகக் கொண்டுவந்தாள். அம்மா புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கும் விதம், புரியாத இடத்தில் ஆசிரியரையே "என்னப்பா சொல்ல வர்ற?" என்று அதட்டும் விதம், கடினமான சொல் வந்தால் பல்லுக்கு நடுவில் மென்று பார்ப்பது. அவளுக்கு இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. "பக்கத்து வீட்டுல இருந்தா இதெல்லாம் இலவசக் காட்சி" என்று சுருட்டை மட்டும் எல்லோருக்கும் விளக்கம் சொன்னாள்.

அம்மா கேன்டீனுக்கு வருவதில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்ததை நூலகத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவாள். அந்த தைரியத்தில்தான் எல்லாம் நடந்தது. ஆனால் ஒரு நாள் மகள் நாற்காலியில் ஏறாத குறையாக நடித்துக்கொண்டிருந்தபோது, எதிரில் இருந்தவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது. கோட்டுவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவள் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது.

"யாரோ கிளாஸ்ல விட்டுட்டு வந்துட்டீங்க" என்று பொதுவாகச் சொன்னாள். "உங்களுதாம்மா?"

காதோரம் வைத்த விரல்களை இறக்கக்கூட மறந்து மகள் அப்படியே இருந்தாள். பிறகு கையை நீட்டி பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"தேங்க்ஸ் மேடம்" என்றாள்.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா. போய்விட்டாள். அவள் கதவைத் தாண்டியதும் மேசையில் அடக்கி வைத்த சிரிப்பு பீறிட்டது. மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தன் வாயிலிருந்து வருவது அவளுக்கே காதில் விழுந்தது.

அன்று மாலை வீட்டுப் படியேறும்போது, அம்மா திட்டுவாள், அழுவாள், அப்பாவிடம் சொல்லியிருப்பாள் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனாள். ஒன்றும் இல்லை. "வந்துட்டியா பாப்பா, டீ வச்சிருக்கேன்" என்றாள் அம்மா. பார்த்தாளா, பார்க்கவில்லையா? ஒருவேளை அப்போதுதான் வந்தாளோ? அந்தச் சந்தேகத்தை மகள் இறுகப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் பார்த்தாள் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஒரு சத்தம் நின்றுபோனது. அம்மா வாய்விட்டுப் படிப்பதை விட்டுவிட்டாள். சமையலறை மேசையில் புத்தகத்தை விரித்து, உதடுகளை இறுக மூடிக்கொண்டு, விரலை மட்டும் வரிமேல் ஓட்டிப் படித்தாள். வகுப்பிலும் கேள்வி கேட்கவில்லை. ஒரு நாள் பேராசிரியையே, "என்ன, இன்னைக்கு லைன் கிடைக்கலையா?" என்று வேடிக்கையாகக் கேட்டார். "புரியுது மேடம், அதான்" என்றாள் அம்மா.

அப்பாவுக்கும் ஏதோ தட்டுப்பட்டது. சாப்பாட்டு மேசையில் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன, வெளியுறவு அதிகாரிங்க ரெண்டு பேரும் உம்முனு இருக்கீங்க? எல்லையில ஏதாவது தகராறா?" என்றார்.

"பரீட்சை வருதுல்ல" என்றாள் அம்மா. மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பரீட்சைக்கு முன்பு அந்தப் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. வகுப்பை இரண்டு நாடுகளாகப் பிரித்துப் பேச்சுவார்த்தை நடத்தச் சொல்வார்கள். பேராசிரியை இரண்டு கற்பனை நாடுகளை உருவாக்கியிருந்தார். அ நாடு மலைமேல் இருக்கிறது. ஆறு அங்கே பிறக்கிறது. ஆ நாடு கீழே இருக்கிறது. அதே ஆற்றை நம்பிப் பிழைக்கிறது. கோடையில் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஒப்பந்தம் போட வேண்டும். ஒவ்வொரு அணிக்கும் ஒரு தலைமைப் பிரதிநிதி. ஆ நாட்டுக்கு அம்மாவைப் பேராசிரியை நியமித்தார். வயதுக்கு மரியாதை கொடுத்தாரா, கொஞ்ச நாளாக வாடிக்கிடக்கிறாளே என்று பார்த்தாரா, தெரியாது. அ நாட்டுக்கு வகுப்பே சேர்ந்து மகளின் பெயரைச் சொன்னது. இப்போது அவளைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

அம்மா அதற்கு உயிரைக் கொடுத்துத் தயாரானாள். ஆறுகளைப் பற்றி நூலகத்தில் இருந்ததையெல்லாம் படித்தாள். அவளுடைய அணியில் வகுப்புத் தலைவன் இருந்தான். கொஞ்சம் சிடுமூஞ்சி. அவனே, "ஆன்ட்டி நல்லாத்தான் ரெடி பண்றாங்க" என்று ஒத்துக்கொண்டானாம்.

அ நாட்டின் அணி ஒரு காலி வகுப்பறையில் கூடியது. கோட்டு கவலையாக இருந்தான். "லைன் ஆன்ட்டி பேச ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. எப்படிச் சமாளிக்கிறது?"

மகளுக்கு பதில் தெரிந்திருந்தது. அவள் பிறந்ததிலிருந்து தெரிந்திருந்த பதில் அது. அம்மாவால் மௌனத்தைத் தாங்க முடியாது. இணைப்பகத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்: எதிர்முனையில் சத்தம் நின்றுவிட்டால் ஆள் மயங்கி விழுந்திருக்கலாம், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு, எதையாவது சொல்லிக்கொண்டே இரு. அந்தப் பாடம் அவள் ரத்தத்தில் ஏறிவிட்டது. சின்ன வயதில் மகள் எதற்காவது முரண்டு பிடித்தால், அழ வேண்டியதில்லை, கத்த வேண்டியதில்லை. சும்மா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அம்மா தவித்துப்போய், கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிடுவாள்.

"நாம பேசவே வேணாம்" என்றாள் மகள். "அவங்க என்ன சொன்னாலும் யாரும் பதில் சொல்லாதீங்க. முகத்தைப் பாத்துக்கிட்டு சும்மா இருங்க. அவங்களே இறங்கி வந்துடுவாங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

பேச்சுவார்த்தை கருத்தரங்கு அறையில் நடந்தது. நீளமான மேசை, இரு பக்கமும் பெயர்ப் பலகைகள், காகிதத்தில் வரைந்த கொடிகள். மற்ற வகுப்புக்காரர்களும் பார்க்க வந்திருந்தார்கள். அம்மா தலையைப் படிய வாரி, அடர் நீலச் சட்டை அணிந்து வந்திருந்தாள். மகளுக்கு எதிரே உட்கார்ந்து, "வணக்கம், அ நாட்டுப் பிரதிநிதி அவர்களே" என்றாள். அதைச் சொல்லும்போது உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. இருவருக்கும் மட்டும் தெரிந்த சிரிப்பு. இந்த மாதங்களில் முதல்முறையாக அவள் அப்படிப் பார்த்தாள். மகள் பார்வையைக் கொடியின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அம்மா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். கதை சொல்லவில்லை, சுற்றி வளைக்கவில்லை. கோடையில் ஓடும் தண்ணீரில் பாதி கீழ்நோக்கி வந்தாக வேண்டும், அதற்குக் குறைந்தால் ஆ நாட்டில் குடிக்கவே தண்ணீர் இருக்காது என்று எண்ணிக்கைகளோடு எடுத்து வைத்தாள். பேராசிரியை தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

அ நாடு பதில் சொல்லவில்லை.

அம்மா காத்திருந்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். "உங்க கருத்தைச் சொல்லலாம்" என்றாள். கோட்டு கைகளைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தான். சுருட்டை பார்த்தாள். மகளும் பார்த்தாள். அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் இருந்தது.

"பாதின்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கலாம்... அதை நாங்க புரிஞ்சுக்கறோம்" என்றாள் அம்மா. மௌனம். "மூணுல ஒரு பங்குன்னு... பேச்சுக்குச் சொல்றேன்..." வகுப்புத் தலைவன் அவள் கையைத் தொட்டான். அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவள் விரல்கள் தாமாகவே காதுக்குப் போயின. "கேக்குதா?" என்றாள்.

பார்வையாளர் பக்கத்திலிருந்து கிளுக்கென்று ஒரு சிரிப்பு எழுந்தது.

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். மற்றவர்களை விட்டுவிட்டு அவளை மட்டும் பார்த்தாள். சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருந்த சிறு பிள்ளையிடம் வந்து குனிவாளே, அதே முகம். மகள் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "யோசிக்கிறோம்" என்று ஒரு சொல். அவள் வாயைத் திறக்கவில்லை.

"சரி, மழை பொய்ச்ச வருஷத்துல கால் பங்கு" என்றாள் அம்மா.

"சம்மதம்! எழுதிக்குங்க" என்று கோட்டு மேசையைத் தட்டினான்.

கைதட்டல் எழுந்தது. வகுப்புத் தலைவன் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "என்ன ஆன்ட்டி இது? பாதிக்குக் கீழ போகவே கூடாதுன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டோமே! முடியலைன்னா வீட்டுலயே இருந்திருக்கலாம்ல?" என்றான். பேராசிரியை அவனை உட்காரச் சொன்னார். பிறகு அ நாட்டை மனம் திறந்து பாராட்டினார். மௌனத்தை ஒரு கருவியாக இவ்வளவு தெளிவாகப் பயன்படுத்தி அவர் இந்த வகுப்பில் பார்த்ததில்லையாம்.

"இது வேலை செய்யும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று மகளைக் கேட்டார்.

எதிரே அம்மா காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் அவள் கைகள் நின்றன. நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். அதுவரை புரியாத ஏதோ ஒன்று அப்போதுதான் புரிந்ததுபோல் பார்த்தாள். பிறகு மறுபடியும் காகிதங்களை அடுக்கினாள்.

கேன்டீனில் அன்று திருவிழாக் கூட்டம். கோட்டு எல்லோருக்கும் தேநீர் சொன்னான். "நடுவுல வா, நடுவுல வா. அந்த கடைசி 'கேக்குதா'வைப் பண்ணு!" என்று அவளைப் பிடித்து இழுத்தான்.

அவள் நின்றுகொண்டே, "அவங்க என் அம்மா" என்றாள்.

மேசை ஒரு கணம் விழித்தது. பிறகு இடி இடித்ததுபோல் சிரித்தது. "அம்மாவாம்!" என்று சுருட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "இது எல்லாத்தையும் விடப் பிரமாதம்!"

"நடிக்கல. நிஜமாத்தான் சொல்றேன். என்னைப் பெத்த அம்மா."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவள் முகத்தை இவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டு சொல்வதுதான் அவர்களுக்கு அதிகச் சிரிப்பாக இருந்தது. யாரோ மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள். அவள் மூன்றாவது முறையும் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கண்ணீர் கொட்டியது. அப்புறம்தான் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"பக்கத்து வீடுன்னாங்களே?" என்றாள் சுருட்டை.

"எனக்காகச் சொன்னாங்க."

கோட்டு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். இத்தனை நாளில் அவன் கேலியில்லாமல் ஒன்று கேட்டது அப்போதுதான். "எங்களுக்குத் தெரியாது, பண்ணோம். நீ எப்படி..." என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல் எழுந்துபோனான். சுருட்டை கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளும் மற்றவர்களும் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். நடுவில் இடம் கிடைத்த அந்த மேசை இப்போது முழுக்க மகளுக்கே கிடைத்தது.

மறுநாள் காலை, வகுப்பு வாசலில் கோட்டு அம்மாவை நிறுத்தினான். மகள் பின்னால் வந்துகொண்டிருந்தாள். "ஆன்ட்டி, அவ உங்க பொண்ணுன்னு எங்களுக்குச் சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா..." என்றான்.

அம்மா அவன் கோட்டுக் காலர் மடங்கியிருந்ததைப் பார்த்தாள். "தெரியலைன்னா மட்டும் பண்ணலாமா தம்பி?" என்றாள். சண்டைக்காரக் குரல் இல்லை, சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டாள். "சரி, விடு. மத்தது எங்க வீட்டு விஷயம்." உள்ளே போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டு விஷயம் அன்று மாலை வந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் வாசற்படியில் நின்று, "அம்மா, நான் பண்ணது..." என்று தொடங்கி நின்றுவிட்டாள்.

"கேன்டீன்ல பண்ணதா? அது அன்னைக்கே பாத்தேன்" என்றாள் அம்மா. கத்தி நிற்கவில்லை. "ரொம்ப நேரமா பாத்தேன். நல்லாத்தான் பண்ணே. பாதி நேரம் எனக்கே சிரிப்பு வந்துச்சு. அப்புறம், ஓ, நான் இப்படித்தான் இருக்கேன்போலன்னு வெக்கமாயிடுச்சு. அவ்வளவுதான். அதை நான் மறந்துடுவேன்."

"அம்மா..."

"இரு, முடிச்சுக்கறேன். நேத்து பண்ணியே, அது வேற. பேச்சு நின்னா எனக்குப் பதறும்னு உங்கப்பாவுக்குக்கூட அவ்வளவு தெரியாது. உனக்குத்தான் தெரியும். ஏன்னா உன்கிட்டதான் நான் அத்தனை தடவை தோத்திருக்கேன். தோக்கணும்னே தோத்திருக்கேன். அதை எடுத்துட்டுப் போய் அந்தப் பசங்க கையில குடுத்துட்டியே பாப்பா."

அம்மா அழவில்லை. நறுக்கிய காயைப் பாத்திரத்தில் தள்ளிவிட்டுக் கத்தியைக் கழுவினாள். மகளுக்கு அவள் காலில் விழலாம்போல் இருந்தது. ஆனால் விழுந்தால் அம்மா உடனே மன்னித்துவிடுவாள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதையும் ஒரு வித்தைபோல் பயன்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை. "தப்பு பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அம்மா, "ம்" என்றாள்.

அடுத்த பருவத்தில் அம்மா மாலை வகுப்புக்கு மாற்றிக்கொண்டாள். மகள் கெஞ்சிப் பார்த்தாள். வகுப்பே வந்து கூப்பிடும் என்றாள், எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், இனி ஒன்றாகவே போகலாம் என்றாள்.

"உனக்காகப் போகல" என்றாள் அம்மா. "சாயங்கால வகுப்புல எல்லாரும் வேலைக்குப் போறவங்களாம், என் வயசுக்காரங்க. நானும் நாலு பேரோட பழகணும்ல?"

அப்பாவிடம் நடந்ததை யார் சொன்னார்களோ தெரியாது. அவர் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சில நாட்கள் நகைச்சுவையை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார். அது அடியைவிட அவளுக்கு வலித்தது.

பகல் வகுப்பில் அவளோடு யாரும் சண்டை போடவில்லை. நோட்ஸ் கேட்டால் கொடுத்தார்கள். சுருட்டை மறுபடி பேசத் தொடங்கினாள். ஆனால் அவள் அருகில் வந்தால், வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை மாற்றிக்கொள்வதுபோல் அவளுக்குத் தோன்றும். நிஜமாகவே மாற்றினார்களா, அவளுக்குத்தான் அப்படிப் பட்டதா என்று கடைசிவரை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு நாள் நூலகத்திலிருந்து கிளம்பத் தாமதமாகி, அவள் மாலை வகுப்பறையைக் கடந்துபோக நேர்ந்தது. கதவு மூடியிருந்தது. உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. எதையோ கேட்டாள். சொற்கள் பிடிபடவில்லை, அந்த ஏற்ற இறக்கம் மட்டும் பிடிபட்டது. வகுப்பு சிரித்தது. அம்மாவோடு சேர்ந்து சிரிக்கிறார்களா, அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார்களா? கதவில் காதை வைத்தாள். தெரியவில்லை. எதிர்ச் சுவரோரமாக நின்று காத்திருந்தாள்.

வகுப்பு விட்டது. அம்மா ஒரு பெரிய மீசைக்காரரோடு பேசிக்கொண்டே வெளியே வந்தாள். காக்கிச் சட்டையின் மேல் ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தார். பணி முடிந்து நேராகப் படிக்க வரும் போலீஸ்காரர். மகளைப் பார்த்ததும் அம்மா ஆச்சரியப்பட்டாள்.

"நீ இன்னும் போகலையா? சார், இது என் பொண்ணு. பகல் வகுப்புல படிக்கிறா."

"அட, நீங்கதானா!" என்றார் போலீஸ்காரர். முகமெல்லாம் மலர்ந்தது. "உங்களைப் பத்தி அம்மா சொல்லாத நாளே கிடையாது. அந்த ஆத்துத் தண்ணிப் பேச்சுவார்த்தையில ஒரு வார்த்தை பேசாம ஜெயிச்சீங்களாமே? எங்க வாத்தியாரே அதைக் கேட்டு அசந்துட்டாரு. எதிர்ப்பக்கம் யாரு, ரொம்பச் சோதாவா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பையில் பேருந்து அட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இல்ல சார்" என்றாள் மகள். முகம் காதுவரை எரிந்தது. "அவங்க சரியாத்தான் பேசினாங்க. நான்தான்..."

"பஸ் வந்துடும் பாப்பா" என்றாள் அம்மா. "நடந்துக்கிட்டே சொல்லு."

மூன்று பேரும் படியிறங்கினார்கள். மகள் நடந்துகொண்டே சொல்லத் தொடங்கினாள். போலீஸ்காரர் முதலில் சிரித்த முகமாகக் கேட்டார். வாசலை அடைவதற்குள் அவர் சிரிப்பு போய்விட்டது. அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா சாலையைப் பார்த்தாள். மகள் நிறுத்தவில்லை. எதையும் விடாமல் சொன்னாள்.